லேவியராகமத்தில் மூடி வைத்த வேதாகமத்தை மீண்டும் திறந்த கதை: நிதானமாக வாசிக்க ஒரு செய்முறை

ஒரே ஆண்டில் வேதாகமம் முழுவதையும் முடித்துவிடுவது என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோனேன். குஷ்டம், பிரமியம், தீட்டு என்று அதிகாரம் அதிகாரமாக வந்ததும் கை தானாகப் புத்தகத்தை மூடிவிட்டது. பிறகு அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களில் ஒன்றை மட்டும் மெதுவாக வாசித்தேன். அதற்குப் பிறகுதான் வேதம் எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது. நான் செய்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

படி 1: மாற்குவை எடுங்கள்
நான்கு சுவிசேஷங்களில் சிறியது இதுதான், 16 அதிகாரம். முதல் நாள் குறிப்பு எதுவும் எடுக்காமல் ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். அதிகாரக் கணக்கு பார்க்க வேண்டாம். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-இல் அச்சில் ஏறியவை. மாற்கு எழுதும்போது இரண்டுமே இல்லை.

படி 2: வாய்விட்டு வாசியுங்கள்
முதலாம் சங்கீதத்தில் ‘தியானம்’ என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் வினைச்சொல், முணுமுணுப்பதைக் குறிக்கும். ஏசாயா 31:4-இல் இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் இதே சொல்தான். ஆக, தியானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும் அல்ல.

படி 3: கண்டதை மட்டும் எழுதுங்கள்
நான் வருடக்கணக்கில் சறுக்கியது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாற்கு 5:21-43-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெப ஆலயத் தலைவரான யவீருவின் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். இயேசு அங்கே போகும் வழியில் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். முன்பெல்லாம் இதை வாசித்ததும் ‘விசுவாசம் இருந்தால் சுகம் கிடைக்கும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். வீட்டில் ஒருவர் நெடுநாள் நோயில் கிடந்தபோது அதே வரி என்னையே குத்தியது. அப்படியானால் எங்களுக்கு விசுவாசம் இல்லையா?

‘இதில் எனக்கு என்ன பாடம்’ என்ற கேள்விக்கு அவசரப்பட்டு ஓடியதுதான் தவறு. இப்போது அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் பத்து வரி எழுதுகிறேன். அன்று எழுதியவற்றில் சில:

- அவளுக்கு நோய் 12 வருடம். சிறுமிக்கு வயது 12.
- இருவரும் பாதத்தில் விழுகிறார்கள்: யவீரு ஊரார் அறிந்த பெரிய மனிதர், அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.
- தன் மகளுக்காக ஒருவர் காத்து நிற்கும்போது, இயேசு அவளை ‘மகளே’ என்று அழைக்கிறார்.
- அந்தத் தாமதத்தில் யவீருவின் மகள் இறந்துபோகிறாள்.

நான்காவது வரியை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. கேட்டவருக்கு உடனே கிடைக்கவில்லை. நடுவில் ஒரு மரணச் செய்தி வந்தது. அப்போதும் இயேசு அவரோடு நடந்துகொண்டுதான் இருந்தார். என் ஒற்றை வரிப் பாடத்தில் யவீரு காத்திருந்த அந்த நேரத்துக்கு இடமே இருக்கவில்லை.

படி 4: புரியாத சொல்லைத் தாண்டாதீர்கள்
‘பெரும்பாடு’ என்றால் பெரிய கஷ்டம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஓயாத உதிரப்போக்கு என்பதே பொருள். இதை அறிந்ததும் பக்க ஓரக் குறிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? லேவியராகமம் 15:25-27. அப்படிப்பட்டவள் தீட்டுள்ளவள், அவள் படுக்கையைத் தொடுகிறவனுக்கும் தீட்டு. 12 வருடம் அப்படி வாழ்ந்தவள் கூட்டத்துக்குள் புகுந்து ஒருவரைத் தொடுகிறாள். பிறகு இயேசுவின்முன் வந்து விழுந்தபோது அவள் ஏன் நடுங்கினாள் என்று அப்போதுதான் விளங்கியது. நான் மூன்று முறை மூடி வைத்த அதே புத்தகம்!

படி 5: ஜெபம்
எழுதியதில் எந்த வரி உறுத்துகிறதோ அதை வைத்தே ஜெபியுங்கள். அன்று நான் ஜெபித்தது: ‘ஆண்டவரே, காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.’ அவ்வளவுதான்.

கருவிகள்: கோடு போட்ட நோட்டு, பென்சில், ஒத்துவாக்கியக் குறிப்புள்ள (தொடர்புள்ள மற்ற வசனங்களைப் பக்க ஓரத்தில் காட்டும்) அச்சுப் பிரதி. பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, எளிய நடையில் ஒன்று என இரண்டை அருகருகே வைத்துக்கொண்டால் ‘பெரும்பாடு’ போன்ற சொற்கள் தாமாகவே பிடிபடும். கைபேசிச் செயலி சொல் தேடுவதற்கு அருமையானது. வாசிக்க எனக்கு ஒத்துவரவில்லை, மூன்றாவது வசனத்தில் ஏதாவது அறிவிப்பு வந்துவிடும். விளக்கவுரையை மட்டும் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் அதை எழுதியவர் கண்டதையே நீங்களும் காண்பீர்கள்.

பிற்சேர்க்கை 1: ‘பத்து வரி வரவில்லை, மூன்றோடு நின்றுவிடுகிறது’ என்று பலர் எழுதியிருந்தீர்கள். யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார், எந்தச் சொல் திரும்ப வருகிறது என்ற மூன்றையும் தேடுங்கள். மாற்குவில் ‘உடனே’ என்ற சொல்லை எண்ணத் தொடங்கினாலே ஒரு வாரம் ஓடிவிடும்.

பிற்சேர்க்கை 2: மாற்குவின் கடைசி அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்களுக்குச் சில பதிப்புகளில் அடைப்புக்குறி இருப்பது ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். மாற்கு முழுவதும் உள்ள மிகப் பழைய இரண்டு கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில், அதாவது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் பிரதிகளில், அந்த வசனங்கள் இல்லை. 8-ஆம் வசனத்தோடு முடிகிறது. நீங்களும் ஒரு நாள் அந்த வசனத்தோடு நிறுத்தி, இயேசுவின் கல்லறையிலிருந்து பயந்து ஓடும் பெண்களைப் பற்றிப் பத்து வரி எழுதிப் பாருங்கள். எனக்கு ஆறுதான் வந்தது.