பிள்ளை அடிக்கும் ஆணி வளைகிறதா? சுத்தியலைப் பாருங்கள்

விடுமுறைக்கு வரும் அக்கா மகளுக்கோ தம்பி பையனுக்கோ மரவேலை சொல்லிக்கொடுக்க உட்காருகிறோம். அரைமணி நேரத்தில் நாலு ஆணி வளைந்து, ஒரு பலகை பிளந்து, பிள்ளையின் முகம் சுண்டிப்போகும். "உனக்குப் பொறுமையே இல்லை" என்று பழியை அதன் தலையில் போட்டுவிடுவோம். பெரும்பாலும் தப்பு நம்முடையது. நம் கைக்கும் உயரத்துக்கும் பொருந்துகிற சாமான்களை அப்படியே அதனிடம் கொடுத்திருப்போம்.

தச்சர் சுத்தியல் அரைக் கிலோ இருக்கும். பத்து வயதுப் பிள்ளையால் அதைப் பிடியின் கடைசியில் பிடித்து வீச முடியாது. கை தானாகத் தலைப்பக்கம் ஏறிவிடும். அங்கே பிடித்தால் வீச்சு போய், மணிக்கட்டால் கொத்துவதுதான் மிஞ்சும். அடி சாய்ந்து விழும், ஆணி வளையும். 200 முதல் 250 கிராம் சுத்தியல் போதும். அதற்காக பிளாஸ்டிக் பொம்மை செட் வாங்காதீர்கள், அதில் ஒரு வேலையும் ஆகாது. ஆணியை விரலால் பிடிக்கச் சொல்வதும் வேண்டாம். தடித்த அட்டைத் துண்டில் ஆணியைக் குத்தி, அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

பலகை பிளப்பதற்குக் காரணம் வேறு. கூரான ஆணி மரத்தின் நாரை ஆப்பு போல விலக்கிக்கொண்டு இறங்கும். ஓரத்தில் விலக இடமில்லை என்றால் வெடிக்கும். ஆணியை இரும்பின் மேல் தலைகீழாக நிறுத்தி, முனையில் லேசாக ஒரு தட்டுத் தட்டி மழுக்குங்கள். மழுங்கிய முனை நாரை விலக்காமல் நசுக்கிக்கொண்டு போகும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால், ஆணியைவிடச் சற்று மெல்லிய ட்ரில் பிட்டால் முதலில் துளை போட்டுவிடலாம்.

அடுத்தது உயரம். பெரியவர்களின் வேலைமேசை 34 அங்குலம் இருந்தால், அது பத்து வயதுப் பிள்ளையின் முழங்கைக்கு வந்துவிடும். ரம்பத்தைத் தோளிலிருந்து தள்ள முடியாமல் கையை மடக்கி மடக்கி இழுக்கும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் சரியான உயரம். ஆடாத குட்டை ஸ்டூலில் பலகையை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கவ்வுகிற 'சி' கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கிளாம்ப் இல்லாமல் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு அறுக்க மட்டும் விடக்கூடாது.

சின்னப் பிள்ளைதானே என்று மழுங்கின ரம்பத்தைக் கொடுப்பவர்கள் நிறைய. மழுங்கியது அழுத்தத்தைக் கேட்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரலில்தான் நிற்கும். நல்ல கூர் ரம்பமே பாதுகாப்பு. ரம்பத்தைக் குறித்த கோட்டின் மேல் அல்ல, கோட்டை ஒட்டி, வேண்டாத துண்டு இருக்கும் கழிவுப் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள்; ரம்பம் தின்கிற ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ கழிவில் போகட்டும். அழுத்தாமல் தன் பக்கமாக மட்டும் மூன்று முறை இழுத்தால் சின்னதாக ஒரு வாய் விழும். அதன் பிறகுதான் தள்ளுவது. ஆள்காட்டி விரல் பிடியைச் சுற்றாமல் ரம்பம் போகும் திசையில் நீண்டிருந்தால் அறுப்பு அவ்வளவாகக் கோணாது. பலகையின் இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு நடுவில் அறுக்கவும் வேண்டாம். பலகை தொய்ந்து, வாய் மூடி, ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும்.

அளவில் நாம் செய்கிற கூத்து தனி. "மூணேகால் இஞ்சு ஒரு நூல்" என்போம். பள்ளியில் சென்டிமீட்டர் படித்த பிள்ளைக்கு, ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று யார் சொன்னார்கள்? மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதே என்று தட்டி இறுக்கிவிடாதீர்கள். அந்த ஆட்டம் கொக்கியின் தடிமன் அளவுக்கு வேண்டுமென்றே விட்டது. வெளிப்பக்கம் மாட்டி இழுத்தாலும் உள்பக்கம் முட்டக்கொடுத்து அளந்தாலும் அளவு சரியாக வருவது அதனால்தான்.

பழகுவதற்கு பேக்கிங் பெட்டியின் பைன் பலகை நல்லது, மென்மையாக இருக்கும். பலகையில் குத்திய முத்திரையில் 'எச்.டி.' (HT) என்றிருந்தால் சூடாக்கிப் பதப்படுத்தியது. 'எம்.பி.' (MB) என்றால் மீத்தைல் புரோமைடு வாயு ஏற்றியது, வீட்டுக்குள் வேண்டாம். பழைய ஆணி ஒன்று விடாமல் பிடுங்கியபின் கொடுங்கள். கருவேலமும் கணு விழுந்த வேம்பும் பெரியவர்களையே படுத்தும்.

ட்ரில்லுக்குக் கையுறை மாட்டிவிடுவது அக்கறையால் வரும் தவறு. சுழல்கிற பிட் துணியைக் கவ்வினால் விரலையும் சேர்த்துச் சுற்றிவிடும். துப்பட்டாவும் விரித்த தலைமுடியும் அப்படியே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம். முதலில் கையால் சுற்றும் ட்ரில் போதும். வேகமாகச் சுழலும் தட்டுள்ள ஆங்கிள் கிரைண்டரைப் பிள்ளையின் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

முதல் வேலையாக நாற்காலியை எடுத்தால் நாலாம் நாள் மூலையில் கிடக்கும். சாவி மாட்டும் பலகை பண்ணலாம்: 300 மில்லிமீட்டர் நீளம், 75 அகலம், நாலு கொக்கி. ஒரே அறுப்பு, நாலு துளை, கொஞ்சம் உப்புத்தாள் தேய்ப்பு. ஒரு மணி நேரத்தில் சுவரில் ஏறிவிடும். நடுவில் "கொடு, நான் காட்டுகிறேன்" என்று கை நீளும். காட்டத்தான் வேண்டுமென்றால் வேறொரு துண்டுப் பலகையில் காட்டுங்கள். நாலு கொக்கியில் ஒன்று இறங்கி நின்றால் நிற்கட்டும். பிள்ளை தூங்கியபின் கழற்றி நேராக்கி மாட்டிவைக்காதீர்கள். காலையில் முதல் பார்வையிலேயே அதற்குத் தெரிந்துவிடும்.