வாட்சை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டையிலிருந்து பாளை பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் போய் வந்து வாட்சைக் கழற்றிப் பாருங்கள். செயின் கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக அப்பியிருக்கும். ஊக்கு முனையால் சுரண்டினால் களிம்பு மாதிரி வரும். வியர்வை, தூசி, தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்த அழுக்கு அது. மணிக்கட்டு அரித்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மெத்தென்ற பழைய டூத் பிரஷ், இரண்டு சொட்டு ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி. இவை போதும்.

தண்ணீரைத் தொடும் முன், வாட்சின் பக்கவாட்டில் நேரம் திருப்பும் சாவியைப் பாருங்கள். நன்றாக உள்ளே அழுந்தியிருக்க வேண்டும். திருகு வகை என்றால் இறுக்கிவிடுங்கள். நான் கோட்டைவிட்டது இங்கேதான். அப்பாவின் பழைய சாவி கொடுக்கும் வாட்சைக் கட்டிக்கொண்டே தாமிரபரணியில் குறுக்குத்துறைப் பக்கம் முங்கினேன். கரையேறிப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மூடிக் கிடக்கிறது. "ஏல, ஆத்துக்கு வாட்ச் எதுக்குல?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அவ்வளவு ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். 100 மீட்டர் இருந்தால் ஆற்றுக் குளியலை யோசிக்கலாம், அதுவும் உள்ளே வாஷர் நன்றாக இருந்தால். ஒன்றும் எழுதாத பழைய வாட்ச் என்றால் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, செயினுக்கு வருவோம். கழற்றத் தெரிந்தால் துண்டை விரித்து அதன்மேல் வைத்துக் கழற்றுங்கள். செயினைப் பூட்டும் குட்டிப் பின் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடினால் கிடைக்காது. ஷாம்பு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கண்ணி கண்ணியாகப் பிரஷால் தேய்த்து அலசி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வாட்ச் உடம்பின் இடுக்குகளுக்கு ஈர்க்குச்சி முனையில் துணி சுற்றித் துடைப்பது என் வழக்கம். கடையில் விற்கும் எந்தக் கருவியும் எனக்கு இந்த அளவு உதவியதில்லை.

தோல் வாரை ஊறப்போடாதீர்கள். லேசான ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். நம்மூர் வெயில் காலத்துக்கு ரப்பர் வார்தான் லாயக்கு.

கண்ணாடிக் கீறலுக்கு டூத் பேஸ்ட் பிளாஸ்டிக் கண்ணாடியில் மட்டும்தான் எடுபடும்.

அப்புறம், நின்றுபோன பேட்டரி வாட்சை அப்படியே டிராயரில் போட்டுவிடாதீர்கள். பேட்டரி கசிந்து உள்ளே அரித்துவிடும். பின்மூடியைக் கத்தியால் நெம்பாமல், கடைக்காரரிடம் கொடுத்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.