தராசு முதலில், ஃபோன் அப்புறம்: பதியின் தேனைப் பதியே விற்க

எங்கள் அப்பா தேனைப் பாட்டில் கணக்கில்தான் விற்றார். 750 மில்லி பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பிக் கொடுப்பார், வாங்குகிறவர் 'முக்கால்' என்று எழுதிக்கொள்வார். ஒருநாள் ரேஷன் கடைத் தராசில் அந்தப் பாட்டிலை வைத்துப் பார்த்தேன். பாட்டில் எடை போக, ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் மேலே நின்றது. தேன் தண்ணீரைவிடக் கனம், ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ வரும். முக்கால் விலைக்குப் போனது கீழே டவுனில் கிலோ விலைக்கு விற்றிருக்கிறது, எத்தனையோ வருடமாக.

நாங்கள் இருளர். காரமடையிலிருந்து வெள்ளியங்காடு தாண்டி மேலே வரும் பாதையில் எங்கள் பதி, அதாவது எங்கள் குடியிருப்பு. பி.காம். முடித்துவிட்டு எங்கள் குழுவின் கணக்கை நான்தான் பார்க்கிறேன். மற்ற பதிகளின் தம்பி தங்கச்சிகள் "ஆன்லைனில் எப்படி விற்பது?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்குங்கள். கூடவே ஒரு நீள நோட்டு. பாறையிலிருந்து தேன் இறங்கிய அன்றே, எடுத்தவர் முன்னால் நிறுத்து, தேதி, பெயர், எடை, டின் எண் எழுதுங்கள். படிக்கத் தெரியாத பெரியவருக்கு எண்ணை உரக்கச் சொல்லுங்கள். இந்த நோட்டு இல்லாமல் எந்த ஆப் வந்தாலும் யாருடைய பணம் எவ்வளவு என்று தெரியாது.

அடுத்தது உரிமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் நமக்கு உரிமை தருகிறது. அதில் தேனும் மெழுகும் பெயர் சொல்லியே வருகின்றன. சமூக உரிமைக்கான மனு 'படிவம் பி'. கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட வேண்டும். பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம்தான். நாங்கள் பதியின் தலைவரான மூப்பனோடு நடந்து, புழங்கும் இடங்களை ஃபோனில் குறித்து, வரைபடமாக மனுவோடு வைத்தோம். 2012இல் திருத்திய விதிகளையும் படித்து வையுங்கள். மகசூலுக்குக் கட்டணமோ ராயல்டியோ கேட்க முடியாது, வெளியே கொண்டுபோகும் அனுமதியைக் கிராம சபையின் குழுவே தரலாம் என்று அதில் இருக்கிறது. செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினால் அந்த அனுமதித் தாள் கையில் இருக்கட்டும்.

இப்போது தேன். எங்களுக்குப் பெரிய நஷ்டம் இங்கேதான் வந்தது. முதல் வருடம் வாங்கியவர்கள் பாட்டிலைத் திருப்பி அனுப்பினார்கள்: பொங்கிவிட்டது, புளிக்கிறது என்று. கலப்படம் என்றே சிலர் சொன்னார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கலப்படம் இல்லை, ஈரம். மலைத்தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம். உணவுத் தரச் சட்டம் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்கிறது. அதைத் தாண்டினால் தேனைப் புளிக்கவைக்கும் காட்டு ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி, டார்ச் லைட் அளவுதான். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேன் விட்டு, மூடியை மடக்கி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும். தேனுக்கென்று அளவு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், சர்க்கரை அளப்பது வேறு. டின் டின்னாக அளந்து நோட்டில் எழுதுங்கள். 20க்கு மேல் வந்த டின்னைப் பாட்டிலில் அடைக்காதீர்கள்.

ஈரத்தைக் குறைக்கும் வழி நம் பெரியவர்களிடமே இருக்கிறது. மெழுகு மூடிய அடையை மட்டும் அறுப்பார்கள், புழு இருக்கும் பகுதியைத் தொடமாட்டார்கள். அதோடு, அடையைக் கையால் பிழியாமல் அறுத்து வடியவிடுங்கள், நைலான் துணியில் வடிகட்டுங்கள், பழைய பெயின்ட் டின் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்தால் தேன் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் வேண்டும். சிறு குழுக்களுக்கான பதிவு எளிது, இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள்.

சரி, ஃபோன். எங்களுக்கு முதலில் ஆன்லைன் கடை போட்டுக் கொடுத்தவர் டவுனிலிருந்து வந்த ஒரு நல்ல மனிதர். அவர் நம்பர், அவர் மெயில், அவர் கணக்கு. வேலை மாறி வேறு ஊர் போனார். வாங்கிக்கொண்டிருந்தவர்கள், படங்கள், வந்த பாராட்டுகள் எல்லாம் அந்த நம்பரோடு போய்விட்டன. அவர் ஏமாற்றவில்லை. ஆனாலும் நாங்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

அதனால் சிம் பதியில் இருக்கும் ஒருவர் பெயரில் இருக்கட்டும். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்தோடு. க்யூஆர் அட்டையை அந்தக் கணக்குக்கே வங்கியில் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டுகளை எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள், குறைந்தது இரண்டு பேராவது முழு வேலையும் பழக வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் போதும். எங்களுக்குப் பேருந்து நிறுத்தத்தில்தான் சிக்னல், அதனால் 'செவ்வாய், வெள்ளி மட்டும் பதில் தருவோம்' என்று தானாகப் போகும் செய்தியில் போட்டுவிட்டோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எதைப் போடக்கூடாது என்பதையும் மூப்பனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பாறையின் பெயர், ஏறும் வழி வேண்டாம். படத்தில் இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிடுங்கள். உரிமை மனுவுக்குப் போட்ட வரைபடம் மனுவோடு நிற்கட்டும். மருந்துச் செடி விஷயத்தில் இன்னும் கவனம். அகத்திய மலையின் காணிக்காரப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. மருந்து செய்யும் கம்பெனி கட்டும் உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று பேசி, அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. ஒப்பந்தம் பேசாமல் யாருக்கும் இலையைக் காட்டாதீர்கள், வீடியோ எடுக்க வருகிறவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும்.

விற்பனை பெருகினால் உற்பத்தியாளர் கம்பெனி பற்றி யோசிக்கலாம். உற்பத்தி செய்பவர்கள் 10 பேர் சேர்ந்தால் போதும், இயக்குநர்கள் 5 முதல் 15. யாரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். கோத்தகிரியில் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி 2013இல் இப்படித் தொடங்கியதுதான், 2021இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் விருது வாங்கியது. ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் அவசரம் வேண்டாம். ஆடிட், வருடாந்திரக் கணக்குத் தாக்கல் எல்லாம் செலவு. நாங்கள் இன்னும் குழுவாகத்தான் இருக்கிறோம்.

குழுவோ கம்பெனியோ, வருடக் கணக்கை நம் பேச்சில், எல்லோரும் கேட்கப் படியுங்கள். எங்கள் பதியில் சீயக்காய் சேர்க்கும் பாட்டிமார்தான் அதிகம் குறுக்கே கேட்பார்கள். கேட்டால் அந்த வரியில் நிறுத்தி, நீள நோட்டை எடுத்து வந்து, டின் எண்ணைத் தேடிக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.