சிலந்தி முகம் ஃப்ரேம் நிறைய வரணும்னா: எக்ஸ்ட்ரீம் மேக்ரோல தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேக்ரோ, அதாவது பூச்சி மாதிரி சின்னதுங்களைப் பெருசாக்கிக் காட்டுற படம், எடுக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள் ஆனதும் எல்லாருக்கும் இந்த ஆசை வரும், வீட்டுச் சுவத்துல திரியற குதிக்கும் சிலந்தியோட முகத்தை, அந்த முன்னாடி இருக்குற ரெண்டு பெரிய கண்ணோட சேத்து ஃப்ரேம் நிறைய எடுத்துடணும்னு. உடனே கேக்குற கேள்வி, எந்த லென்ஸ் வாங்கட்டும்? தப்பு அங்கயே ஆரம்பிச்சுடுது. பெருசாக்கிக் காட்டுறதுதான் இந்த வேலையிலயே சுலபம், செலவும் கம்மி. சொதப்புன படங்களை எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் லென்ஸ் நல்லாத்தான் இருக்கும், லைட்டுதான் சரியா இருக்காது.

முதல்ல அளவு. 1எக்ஸ்னா பூச்சி நிஜத்துல எவ்வளவு பெருசோ சென்சார் மேல அதே அளவு விழுது, அவ்வளவுதான். ஃபுல்ஃப்ரேம் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், அப்போ 5எக்ஸ்ல உங்களுக்குத் தெரியறது வெறும் 7.2 மில்லிமீட்டர். சிலந்தியோட முகமே மூணு நாலு மில்லிமீட்டர் இருக்கும், அதுக்கு 3எக்ஸ்லேந்து 5எக்ஸ் தாராளமா போதும். ஆனா நிறைய பேர் நேரா 10எக்ஸ் மைக்ராஸ்கோப் அப்ஜெக்டிவ், அதாவது மைக்ராஸ்கோப்போட முன் லென்ஸ், வாங்கிட்டு உயிரோட இருக்குற பூச்சி பின்னாடி ஓடுறாங்க, அது நடக்காது. 1எக்ஸ், 2எக்ஸ்ல கை நல்லா பழகினப்புறம் மேல போங்க.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் ட்யூபை, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற கண்ணாடியில்லாத வளையத்தை, எந்த லென்ஸ்ல மாட்டுறதுன்னு யோசிக்காம வாங்குறது. எக்ஸ்டென்ஷன் ட்யூப் தர்ற பெருக்கம் ட்யூபோட நீளத்தை லென்ஸோட ஃபோக்கல் லெங்த்தால (50எம்எம், 200எம்எம்னு போட்டிருக்கே, அது) வகுத்தா வர்றது. 12, 20, 36 மூணையும் சேத்து மாட்டினா 68 மில்லிமீட்டர், அதை 50எம்எம் லென்ஸ்ல போட்டா 1.36 கிடைக்கும், 200எம்எம்ல போட்டா 0.34தான். ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாதிரி முன்னாடி மாட்டுற க்ளோசப் லென்ஸ் இதுக்கு நேர் எதிர், அதோட பவர் 8 டயாப்டர், 200எம்எம் முன்னாடி மாட்டினா 1.6 பக்கம் வந்துடும், 50எம்எம்ல ஒண்ணும் பெருசா நடக்காது. சின்ன லென்ஸுக்கு ட்யூப், நீளமான லென்ஸுக்கு ரேனாக்ஸ்னு வெச்சுக்கோங்க, பாதி காசு மிச்சம். ரிவர்ஸ் ரிங் இன்னும் மலிவு, கிட் லென்ஸைத் திருப்பி மாட்டினாலே அசந்து போவீங்க, ஆனா திருப்பின லென்ஸோட அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையற ஓட்டையை, கேமராவால கன்ட்ரோல் பண்ண முடியாதுங்கறதை மறந்துடுறாங்க. கேனான் இஎஃப் லென்ஸ்னா நேரா மாட்டியிருக்கும்போதே எஃப் 8 வெச்சு டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவ்யூ பட்டனை அமுக்கிப் புடிச்சபடியே கழட்டினா பிளேடு அப்படியே நிக்கும். நிக்கான் ஜி லென்ஸ்ல பின்னாடி இருக்குற லீவரை விட்டா முழுசா மூடிக்கும், சின்னதா மடிச்ச பேப்பரைச் சொருகி வேணுங்கற அளவுக்கு நிறுத்தணும். அபெர்ச்சர் ரிங் இருக்குற பழைய மேனுவல் லென்ஸ் கையில இருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

இப்போ எல்லாரும் பண்ற பெரிய தப்பு. சிலந்தியோட கண்ணு ஷார்ப்பா இருக்கு, காலு மங்கலா இருக்கு, சரி எஃப் 16க்கு போயிடலாம், எஃப் 22க்கு போயிடலாம்னு போறது. லென்ஸ்ல எழுதியிருக்குற எஃப் நம்பர் இந்த தூரத்துல உண்மை இல்லீங்க. அதை பெருக்கத்தோட ஒண்ணு கூட்டிப் பெருக்கணும், அதாவது 5எக்ஸ்னா ஆறால. எஃப் 16 வெச்சீங்கன்னா நிஜத்துல அது எஃப் 96! அந்த ஓட்டைல ஒரு புள்ளி வெளிச்சம் சென்சார் மேல சுமார் 129 மைக்ரான் அகலத்துக்கு விரியும், 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் கேமராவுல ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான், அப்போ ஒரு புள்ளி இருபது பிக்சலுக்கு மேல வழிஞ்சு கிடக்கு. காலும் தெளிவா வரல, கண்ணும் மங்கிடுச்சு, அப்புறம் எவ்வளவு ஷார்ப்பனிங் போட்டாலும் அந்தக் கண்ணைச் சுத்தி இருக்குற முடி திரும்ப வராது. சரி இவ்வளவு விலை குடுத்து எவ்வளவு ஆழம் கிடைச்சுதுன்னு பாத்தா, கேனானோட எம்பி-ஈ 65 லென்ஸ்ல 5எக்ஸ், எஃப் 16க்கு 0.27 மில்லிமீட்டர் பக்கம், எஃப் 2.8ல 0.048. ரெண்டுமே சிலந்திக்குப் பத்தாது. அதனால ஒரே படத்துல எல்லாம் ஷார்ப்பா வரணுங்கற ஆசையை விட்டுடுங்க. 2எக்ஸ்ல எஃப் 8, 5எக்ஸ்ல எஃப் 4, ரெண்டுமே நிஜத்துல எஃப் 24, அந்தப் பக்கத்துலயே இருங்க, ஒரு ஷாட்தான் கிடைக்கும்னா கொஞ்சம் கூடப் போகலாம், கண்ணு ரெண்டும் ஒரே தளத்துல வர்ற மாதிரி நேருக்கு நேர் நில்லுங்க.

இதே கணக்கு வெளிச்சத்தையும் தின்னும். 5எக்ஸ்ல சென்சாருக்கு வர்ற லைட்டு 36ல ஒரு பங்கு, அஞ்சு ஸ்டாப்புக்கு மேல போச்சு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாறது). வெயில் நல்லா இருக்கேன்னு ஃப்ளாஷ் இல்லாம எடுக்கப் பாக்குறவங்க ஐஎஸ்ஓவை ஏத்தி ஏத்தி மணலா ஒரு படம் எடுத்துட்டு வருவாங்க, அதுலயும் கை ஆட்டம் அஞ்சு மடங்கா தெரியும். இங்க ஃப்ளாஷ்தான் உங்க ஷட்டர். ஐஎஸ்ஓ 100 இல்ல 200, ஷட்டர் 1/200 பக்கம், ஃப்ளாஷ் எரியலன்னா படம் கிட்டத்தட்ட கருப்பா வரணும், அப்போதான் அசைவை ஃப்ளாஷ் மட்டும் உறைய வைக்கும். ஸ்பீடுலைட்டை ஃபுல் பவர்ல விட்டா ஒளி ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டோ இன்னும் நீளமாவோ நீடிக்கும், பவரைக் குறைச்சு 1/32 பக்கம் வந்தா 1/10000 மாதிரி சுருங்கிடும். அதனால குறைஞ்ச பவர்ல ஓட்டுற மாதிரி ஃப்ளாஷைப் பூச்சிக்கு ரொம்பக் கிட்ட கொண்டு வரணும். இன்னும் வேகமா உறைய வைக்கலாம்னு ஹை ஸ்பீடு சிங்க், அதாவது வேகமான ஷட்டரோட ஃப்ளாஷை எரிய வைக்கிற முறை, போடுறாங்க பாருங்க, அது தலைகீழ், அதுல ஃப்ளாஷ் விட்டு விட்டு நீளமா எரியுது, பவரும் போகுது, உறைய வைக்கிற சக்தியும் போகுது.

டிஃப்யூசருக்கு, அதாவது ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மெத்துன்னு ஆக்குற வெள்ளைத் திரைக்கு, இதைவிட அதிக நேரம் குடுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். ஃப்ளாஷோட வர்ற சின்ன வெள்ளை மூடியை மாட்டிட்டு டிஃப்யூஸ் பண்ணியாச்சுன்னு நினைக்கிறாங்க, மெத்துன்னு லைட்டு விழணும்னா பூச்சி இருக்குற இடத்துலேந்து பாத்தா அந்த வெள்ளைப் பரப்பு வானம் மாதிரி பெருசா தெரியணும். சிலந்திக் கண்ணு பளபளன்னு உருண்டை, முன்னாடி என்ன வெச்சிருக்கீங்களோ அது அப்படியே அதுல தெரியும், ரிங் ஃப்ளாஷ் வெச்சா வட்டமா ஒரு வளையம் தெரியும், ரெண்டு ஃப்ளாஷ் வெச்சா ரெண்டு வெள்ளைப் பொட்டு. வண்டு ஓடு இன்னும் மோசம், நிறமே செத்துப் போய் வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடும். டிவி, ஃப்ரிட்ஜ் வாங்கும்போது சுத்தி வர்ற மெல்லிசு வெள்ளை ஃபோம் ஷீட்டை எடுத்து லென்ஸ் முனைக்கு மேல குடை மாதிரி வளைச்சு, பூச்சியைத் தாண்டி கொஞ்சம் முன்னாடி நீட்டி விடுங்க. ஃப்ளாஷுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கு ட்ரேசிங் பேப்பர் வெச்சீங்கன்னா நடுவுல எரியற அந்த ஹாட்ஸ்பாட்டும் பரவிடும். பின்னணி கும்மிருட்டா வருதுன்னா ஃப்ளாஷ் அதுவரைக்கும் எட்டலன்னு அர்த்தம், பின்னாடி ஒரு பச்சை இலையோ கலர் பேப்பரோ கிட்ட வெச்சா முடிஞ்சது.

லென்ஸ் வாங்கும்போது வொர்க்கிங் டிஸ்டன்ஸ் பாக்காம வாங்குறதும் இங்கதான் கடிக்கும். எம்பி-ஈ 65ல 5எக்ஸ் போனா லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் 41 மில்லிமீட்டர் இருக்கும், லைட்டு நுழைய இடம் உண்டு. மைக்ராஸ்கோப் அப்ஜெக்டிவ்ல மிட்டுடோயோ எம் ப்ளான் அப்போ 10எக்ஸ் 34 மில்லிமீட்டர் தரும், சாதாரண 10எக்ஸ்கள்ல பலது ஏழு எட்டு மில்லிமீட்டர்தான், அதுக்குள்ள லைட்டை எங்க நுழைக்கிறது? அப்ஜெக்டிவ் உடம்புல 160னு போட்டிருந்தா பெல்லோஸ்ல, அதாவது நீட்டிச் சுருக்கக்கூடிய ட்யூப்ல, நேரா மாட்டலாம். இன்ஃபினிட்டி குறி இருந்தா பின்னாடி ட்யூப் லென்ஸ், அதாவது பிம்பத்தை சென்சார்ல விழ வைக்கிற இன்னொரு லென்ஸ், கட்டாயம் வேணும், பெரும்பாலும் ஒரு 200எம்எம் லென்ஸை இன்ஃபினிட்டில வெச்சா போதும், அதுக்கு பதிலா 100எம்எம் வெச்சா பெருக்கம் பாதியாயிடும். 0.17னு பொறிச்ச 40எக்ஸை கவர் கிளாஸ் இல்லாத பூச்சி மேல வெச்சு மங்கலா வருதேன்னு தவிக்காதீங்க, அது கண்ணாடிக்கு அடியில பாக்கச் செஞ்சது.

ஃபோகஸ் விஷயத்துல சுருக்கமா சொல்றேன், ஆட்டோஃபோகஸை அணைச்சுடுங்க, ரிங்கையும் தொடாதீங்க, ரிங்கைத் திருகினா பெரும்பாலும் பெருக்கம்தான் மாறும். உடம்பை முன்ன பின்ன மெதுவா சாய்ச்சு, கண்ணு ஷார்ப்பா வர்ற நொடியில அமுக்குங்க. வெளியில ட்ரைபாட் விரிக்கிறதுக்குள்ள சிலந்தி போயிடும், அதுக்கு பதிலா சிலந்தி உக்காந்திருக்குற இலைக் காம்பை இடது கையால புடிச்சு அதே கை மேல லென்ஸைத் தாங்க வெச்சீங்கன்னா ரெண்டும் சேந்தே ஆடும்.

ஸ்டாக்கிங்னா ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நிறைய படம் எடுத்து, ஷார்ப்பான பாகங்களை சாஃப்ட்வேர்ல ஒண்ணா சேக்குறது, அதுல முக்கியமான தப்பு ஸ்டெப்பை, அதாவது ஒவ்வொரு நகர்வையும், பெருசா வெக்கிறது. 5எக்ஸ், எஃப் 2.8ல 0.03 மில்லிமீட்டருக்கு ஒரு படம் எடுத்தாதான் ஒண்ணு மேல ஒண்ணு படியும், விட்டீங்கன்னா முகத்துல வரி வரியா மங்கல் தெரியும், அதை எந்த சாஃப்ட்வேரும் நிரப்பாது. 10எக்ஸ்ல மிட்டுடோயோவோட ஆழமே 3.5 மைக்ரான், சந்தையில கிடைக்கிற மலிவு நாலு பக்க ரெயிலோட குமிழைக் கையால திருகி இந்த அளவு நகத்த முடியாது, மோட்டார் ரெயில் இல்லன்னா மைக்ரோமீட்டர் ஸ்டேஜ் வேணும். ஒவ்வொரு நகர்வுக்கும் அப்புறம் ரெண்டு செகண்ட் அடங்க விடுங்க, ஃபேனை அணைங்க, ஷட்டர் அதிர்வைக் குறைக்கிற எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் கேமராவுல இருந்தா அதைப் போடுங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சென்சாரைச் சுத்தம் பண்ணுங்க, ஒரே ஒரு தூசி நூறு படத்துலயும் இருந்து கடைசிப் படத்துல கோடா இழுக்கும். ஸெரீன் ஸ்டாக்கர்ங்கற ஸ்டாக்கிங் சாஃப்ட்வேர்ல சேக்குறதுக்கு ரெண்டு முறை இருக்கு, பிமேக்ஸ் முடியை அருமையா காப்பாத்தும் ஆனா நாய்ஸையும் காண்ட்ராஸ்டையும் ஏத்தும், டிமேப் நிறத்தைச் சரியா வெக்கும் ஆனா முடிமேல முடி வர்ற இடத்துல சொதப்பும், அதனால ரெண்டையும் ஓட்டி தேவையான இடத்தை ரீடச் பண்றதுதான் வழி. லெவான் பிஸ்ங்கற புகைப்படக்காரர் 2016ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல வெச்ச பூச்சிப் படங்கள் ஒவ்வொண்ணும் சுமார் 8000 படம் சேந்தது, அதுலயும் அவர் பூச்சியோட ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியா லைட்டிங் மாத்தி எடுத்தார். கொம்புக்கு ஒரு லைட்டு, ஓட்டுக்கு வேற லைட்டு. ரெயிலுக்கு மட்டும் காசு செலவு பண்றவங்க அந்தப் படங்களைப் பெருசாக்கி உக்காந்து பாக்கணும்.

கடைசியா ஒண்ணு, இதுல எனக்கு ரொம்ப வருத்தம். ஸ்டாக் எடுக்கறதுக்காக பூச்சியை ஃப்ரிட்ஜ்ல வெக்கிறது, பசை போட்டு ஒட்டுறது. தயவுசெஞ்சு வேண்டாம். பிழைக்குமான்னு தெரியாது, படத்துலயும் தெரிஞ்சுடும், காலு உள்வாங்கி, உடம்பு மேல தண்ணி கோத்துக்கிட்டு நிக்கும். மழை பெஞ்ச ராத்திரிக்கு மறுநாள் காலையில வாசல் ட்யூப்லைட்டுக்குக் கீழ, ஜன்னல் விளிம்புல பாருங்க, தானா செத்துக் கிடக்குற பூச்சிகளே வேணுங்கற அளவு கிடைக்கும், மெல்லிசு பிரஷால தூசி தட்டி எடுத்தா போதும். மாட்டு ஈ கண்ணுல வர்ற அந்த பச்சை ஊதா பட்டை மட்டும் செத்துக் காஞ்சா போயிடும், அது வேணும்னா வெயில் ஏறறதுக்கு முன்னாடி, உடம்பு சூடாகாம ஈ அசையாம உக்காந்திருக்குற நேரத்துல 2எக்ஸ்ல கேமராவைக் கையில புடிச்சு எடுங்க.