பாடி முடித்து இறங்கியதும் காதில் விழும் வார்த்தைகள்: ஆராதனை நடத்துகிறவர்களுக்கு

ஆராதனை முடிந்து, மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, குனிந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் யாராவது வருவார்கள். "இன்னைக்கு சத்தம் ரொம்ப அதிகம்." அவர் அந்தப் பக்கம் போனதும் இன்னொருவர், "என்ன இன்னைக்கு உற்சாகமே இல்லை?" இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தது ஒரே ஆராதனையில்தான். மற்றவர்கள் நன்றாகப் பாடியிருப்பார்கள், சிலர் கண்ணீரோடு நின்றிருப்பார்கள். அதெல்லாம் மனதில் தங்காது. வீடு போய்ச் சேரும்வரை இந்த இரண்டு வாக்கியமும்தான் திரும்பத் திரும்ப ஓடும்.

பல வருடமாகப் பாடல் நடத்துகிறேன். "இதோடு போதும், இனி மேடைப் பக்கமே போகமாட்டேன்" என்று முடிவெடுத்த ஞாயிறுகள் நிறைய. அதில் ஒன்றுகூட திங்கட்கிழமை மதியம்வரை தாக்குப்பிடித்ததில்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது: ஞாயிற்றுக்கிழமை எந்த முடிவும் எடுக்காதீர்கள், எந்த விமர்சனத்துக்கும் பதில் எழுதாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் நிச்சயமாக எழுதாதீர்கள். இதைப் பக்தியான ஆலோசனை என்றுகூட நான் சொல்லவில்லை, உடம்பைப் பற்றிய ஆலோசனை. அதிகாலையில் எழுந்து, சரியாகச் சாப்பிடாமல், சாமான் தூக்கி, சவுண்ட் பார்த்து, ஒரு மணி நேரம் தொண்டையையும் மனதையும் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் "ஸ்கேல் கொஞ்சம் ஹை" என்று ஒருவர் சொன்னாலும் "நீ இதற்கு லாயக்கில்லை" என்றுதான் காதில் விழும்.

எலியாவுக்கு நடந்தது இதுதான். கர்மேலில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்த மனுஷன், யேசபேல் அனுப்பிய ஒரே ஒரு மிரட்டலில் வனாந்தரத்துக்கு ஓடிப்போய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான், மறுபடி எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

திங்கள் அல்லது செவ்வாய், ஒரு நோட்டில் சொன்னதை எழுதுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், நீங்கள் புரிந்துகொண்டதை எழுதக்கூடாது. "அவருக்கு என் மேல் பொறாமை" என்று எழுதினால் அது உங்கள் வார்த்தை. "மூன்றாவது பாட்டு எங்களுக்குத் தெரியலை" என்பது அவர் வார்த்தை. யார் சொன்னது, எத்தனை பேர் சொன்னது என்றும் குறியுங்கள். "எல்லாரும் சொல்றாங்க" என்று ஒருவர் வந்து சொன்னால் அதை ஒருவர் என்றே எழுதுங்கள். என் அனுபவத்தில் அந்த "எல்லாரும்" சொன்னவரையும் சேர்த்து இரண்டு பேரைத் தாண்டியதில்லை.

இனி இதைப் பிரிக்க வேண்டும். இதற்கு எனக்கு உதவியது 2 சாமுவேல் 6. ஆராதனை நடத்துகிறவர்கள் அந்த அதிகாரத்தில் தாவீதின் மனைவி மீகாளை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். தாவீது நடனமாடினான், மீகாள் ஜன்னல் வழியாகப் பார்த்து மனதில் அவமதித்தாள், அவன் "நான் கர்த்தருக்கு முன்பாக ஆடினேன்" என்றான். சரி. உடனே நம்மைப் பற்றிக் குறை சொல்லும் ஒவ்வொருவருக்கும் மீகாள் என்று பெயர் வைத்துவிடுகிறோம், எவ்வளவு சௌகரியம்! ஆனால் அதே அதிகாரத்தின் முதல் பாதியில் தாவீது பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறான். கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியைப் புது இரதத்தில் ஏற்றி, சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம் எல்லாம் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவந்தான். இசைக்கு ஒரு குறையும் இல்லை. வழியில் மாடுகள் இடறின, பெட்டியைக் கை நீட்டிப் பிடித்த ஊசா செத்தான். பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோம் வீட்டில் இருந்தது. அடுத்த முறை, சுமக்க வேண்டிய முறைப்படியே, லேவியர்கள் தோளில் சுமந்தார்கள். முதல் தடவை நாம் நியாயமானபடி தேவனைத் தேடவில்லை என்று தாவீதே வாய்விட்டு ஒத்துக்கொள்கிறான் (1 நாளாகமம் 15:13).

ஒரே அதிகாரத்தில் ஒன்றைத் திருத்திக்கொண்டான், இன்னொன்றுக்கு அசையவில்லை. வந்த வார்த்தை இரதத்தைப் பற்றியதா, ஜன்னலிலிருந்து வந்ததா என்று பார்ப்பதுதான் நம் வேலை. வருத்தமான செய்தி என்னவென்றால், நான் எழுதிவைத்ததில் பெரும்பாலானவை இரதத்தைப் பற்றியவை. நல்ல செய்தியும் அதுதான், இரதத்தை மாற்றிவிடலாம்.

சத்தம் அதிகம் என்ற புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சபையில் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காரும் பெரியவர் ஒருவர், பாட்டு ஆரம்பித்ததும் இடது காதைக் கையால் பொத்திக்கொள்வார். மாதக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அவருக்கு டிரம்ஸ் பிடிக்காது, பழைய ஆள், அப்படித்தான் என்று எனக்குள் ஒரு தீர்ப்பு. ஒருநாள் பிராக்டிஸின்போது தண்ணீர் குடிக்க இறங்கியவன் எதேச்சையாக அவர் இடத்தில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரின் வாய் நேராக என் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிம்பலின் சத்தம் பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பி அதே காதில் வந்து இறங்கியது. இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஸ்டாண்டை உயர்த்தி, ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினோம், பத்து நிமிட வேலை. அடுத்த வாரம் அவர் கை மடியில் இருந்தது. வந்து நன்றியெல்லாம் சொல்லவில்லை, நானும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே மாதம் ஒருமுறையாவது பிராக்டிஸில் வேறொருவரைப் பாடவிட்டு, ஹால் முழுக்க நடந்து நடந்து கேளுங்கள். கடைசி வரிசையில் ஒரு போனை வைத்து முழு ஆராதனையையும் ரெக்கார்ட் பண்ணுங்கள். மிக்ஸரிலிருந்து எடுக்கும் ரெக்கார்டிங்கில் சபை பாடுவது கேட்காது. போனில் கேட்கும், கேட்காவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

"யாரும் பாடுவதில்லை" என்று வந்தால் முதலில் ஸ்கேலைப் பாருங்கள். பயிற்சி இல்லாத குரல்களுக்கு, கீழே ஏ, மேலே டி என்ற எல்லைக்குள் மெட்டு நின்றால் கஷ்டமில்லை. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே, பெண்கள் மேலே. கோரஸ் போய் எஃப்-பைத் தொட்டால் உங்களுக்கு அது கம்பீரம், பின்வரிசைக்கு அது விடுமுறை. மெட்டின் உச்ச ஸ்வரம் எது என்று கீபோர்டில் தேடி, அது டி-யில் நிற்கும்படி ஸ்கேலை இறக்குங்கள். உங்கள் குரலின் அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அப்புறம் புதுப் பாட்டு. ஒரு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், கற்றுக்கொடுத்ததை அடுத்த இரண்டு வாரமும் பாடுங்கள். பிராக்டிஸில் நாற்பது தடவை பாடிவிட்டதால் நமக்கு அது பழைய பாட்டு, சபைக்கு முதல் தடவை என்பது நமக்கு மறந்துபோகிறது. ஸ்லைடு மாற்றுகிறவரிடமும் சொல்லுங்கள், கடைசி வரி ஆரம்பிக்கும்போதே அடுத்ததற்குப் போகவேண்டும், முடிந்தபிறகு அல்ல. ஸ்லைடு தாமதமானால் திட்டு உங்களுக்குத்தான் வரும்.

"இன்னைக்கு அபிஷேகம் இல்லை" என்பது கொஞ்சம் கடினமான வகை, ஏனென்றால் அதை எந்தக் குமிழைத் திருகியும் சரிபண்ண முடியாது. இதைக் கேட்டால் நானும் சுருங்கித்தான் போவேன். இப்போது ஒரே கேள்வி கேட்கிறேன்: "எந்த இடத்திலிருந்து அப்படித் தோணுச்சு?" குற்றவாளியை விசாரிக்கிற குரலில் இல்லாமல் நிஜமாகவே கேளுங்கள். ஒரு அம்மா யோசித்துவிட்டு, "ரெண்டாவது பாட்டுக்கும் மூணாவது பாட்டுக்கும் நடுவுல நீங்க ரொம்ப நேரம் பேசினீங்க" என்றார்கள். அபிஷேகம் என்று ஆரம்பித்தது என் வாயில் வந்து முடிந்தது! ஒருவேளை அவரால் ஒன்றும் குறிப்பாகச் சொல்ல முடியாவிட்டால், "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்று மனதாரச் சொல்லிவிட்டு நகருங்கள். அதைச் சுமந்துகொண்டு வாரம் முழுக்கத் திரிய வேண்டியதில்லை.

பதில் சொல்லும்போது விளக்கம் வேண்டாம். கீபோர்டு வாசிப்பவர் லேட்டாக வந்தது, மைக் பேட்டரி போனது எல்லாம் உண்மையாகவே இருந்தாலும் கேட்கிறவருக்கு அது சாக்கு. "சொன்னதுக்கு நன்றி, இந்த வாரம் பிராக்டிஸில் பார்க்கிறேன்" என்பது போதும். "மாத்திடறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அடுத்தவர் நேர் எதிராகக் கேட்பார்.

நேர் எதிர் என்றதும் ஒரு ஆள் ஞாபகத்துக்கு வருகிறார். 1706 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் நகரத்துச் சபை அதிகாரிகள் தங்கள் ஆர்கன் வாசிப்பாளரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். நான்கு வாரம் லீவு கேட்டுப் போய் ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து வந்தது ஒரு குற்றம், அது நியாயம்தான். கீர்த்தனைகளுக்கு நடுவே விசித்திரமான ஸ்வரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார் என்பது இன்னொன்று. ரொம்ப நீளமாக வாசிக்கிறார் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது, அதைக் கேட்டபிறகு ரொம்பச் சுருக்கமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார், அதுவும் புகார்! அப்போது அவருக்கு வயது 20. பெயர் யோகான் செபாஸ்டியன் பாக். இதை வைத்து "நானும் ஒரு பாக், உங்களுக்குத்தான் புரியவில்லை" என்று கிளம்பிவிடாதீர்கள். சபை குழம்பியது என்றால் குழம்பியதுதான், வாசித்தவர் பாக் ஆனாலும். நீளம் குறை என்றால் கோபத்தில் பாதியாக வெட்டுவது எவ்வளவு மனுஷத்தனமானது என்பதற்காகத்தான் சொன்னேன். இந்த நீளப் பிரச்சினைக்கு மருந்து போதகரிடம் இருக்கிறது. "ஆராதனைக்கு எத்தனை நிமிடம்?" என்று ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் 25 என்றால் 25. அடுத்த முறை நீளம் என்று யாராவது வந்தால் அது உங்கள் சொந்தப் பிரச்சினை அல்ல.

போதகரே குறை சொல்கிறவராக இருந்தால்? வாரநாளில் தனியாக நேரம் கேளுங்கள். ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லப்படும் எதுவும் இருவருக்கும் நல்லதாக முடிவதில்லை, அதையும் அந்தச் சந்திப்பில் மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

ஜன்னலிலிருந்து வருகிறவையும் உண்டு. உங்கள் குடும்பத்தை, நிறத்தை, படிப்பை, உடையை வைத்துப் பேசுவது, மேடை ஆசை என்று மற்றவர்கள் முன்னால் சொல்வது. இதில் தேடிப்பார்த்துத் திருத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருமுறை நேரில், தனியாக, "நீங்கள் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது" என்று சொல்லுங்கள். தொடர்ந்தால் போதகரையோ மூப்பர் ஒருவரையோ கூட வைத்துப் பேசுங்கள். மத்தேயு 18 சொல்லும் வரிசையே அதுதான். மைக்கில் பதில் சொல்லாதீர்கள். பாட்டுக்கு நடுவில் "சிலர் குறை சொல்லத்தான் வருவாங்க" என்று ஒரு வரி விடுவது எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், விட்டிருக்கிறேன். அந்த "சிலர்" யாரென்று தெரியாத நூறு பேர் அன்றைக்குத் தங்களையே சந்தேகித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

யாரும் ஒன்றும் சொல்லாமலே சோர்வு வருவதும் உண்டு. உள்ளே வறண்டு கிடக்கிறது, வெளியே கை தட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது, நடிக்கிறேனோ என்ற குற்ற உணர்ச்சி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சங்கீதம் 73 எழுதிய ஆசாப், தாவீது பெட்டிக்கு முன்பாக நியமித்த பாடகர்களின் தலைவன். நம் வேலை பார்த்தவன். அவன்தான் என் கால்கள் தள்ளாடப் பார்த்தது, துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்கிறான். ஏமான் பெயரில் உள்ள 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருட்டாகவே முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை, அதையும் பாடல் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். வறண்ட வாரத்தில் துள்ளல் பாட்டுகளை எடுக்காமல், உங்களால் பொய்யில்லாமல் பாடக்கூடியதை எடுங்கள். அதே நிலையில் சபையில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கு அந்த ஒரு வாரமாவது பாட ஒரு பாட்டு கிடைக்கட்டும்.

ஓய்வு. 1 நாளாகமம் 25-ல் பாடத் தேர்ந்தவர்கள் 288 பேர், 24 வகுப்பு, வகுப்புக்கு 12 பேர், முறை போட்டுப் பாடினார்கள். நாம் வருடத்துக்கு 52 ஞாயிறும் ஒரே ஆள். மாதத்தில் ஒரு ஞாயிறு இன்னொருவரை நடத்தவிட்டுக் கீழே உட்காருங்கள். அவர் உங்களைவிட நன்றாக நடத்தினால் கொஞ்சம் குத்தும். உட்கார்ந்தே இருங்கள்.

தூக்கம் வாரக்கணக்கில் போய், சனிக்கிழமை வந்தாலே நெஞ்சு படபடத்து, எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள், அதை அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் பாருங்கள். விலகித்தான் ஆகவேண்டிய நிலையும் வரும். நெகேமியா 13-ல் பாடகர்களும் லேவியர்களும் தங்கள் பங்கு கொடுக்கப்படாததால் ஆளாளுக்குத் தங்கள் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். நெகேமியா தலைவர்களைக் கூப்பிட்டுத்தான் சண்டை போட்டான், ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டான். பிறகு பாடகர்களைச் சேர்த்து அவரவர் இடத்தில் நிறுத்தினான்.

அப்படி விலகுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே போதகரிடம் சொல்லுங்கள். சபைக்குத் தெரிந்த பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் சபை வசதியாகப் பாடும் ஸ்கேல், எந்த ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்பதுவரை எழுதி, அடுத்து நிற்கப்போகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மூன்றாவது வரிசைப் பெரியவரைப் பற்றியும் ஒரு வரி.