பாகம் கைக்கு வருமுன் காரைப் பிரிக்காதீர்கள்

புதிதாகப் பட்டறை வைத்திருக்கும் தம்பிகளிடம் போகும்போதெல்லாம் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். பானெட் திறந்து, என்ஜின் பாதி பிரிந்து, தூசு படிந்து நிற்கும் கார்கள். கேட்டால், "ஸ்பேர் வரவில்லை அண்ணா" என்கிறார்கள். என் தலைமுறை தொழில் பழகியபோது செய்த பிழைகள்தான் இவை. ஆனால் அன்று அம்பாசிடருக்கும் மாருதி 800க்கும் சிறு ஊரில்கூடப் பாகம் கிடைத்தது. இன்றைய நிலை வேறு. செவர்லே 2017 இறுதியோடு இந்திய விற்பனையை முடித்துக்கொண்டது. இங்கே உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. அந்தக் கார்கள் இன்னும் ஓடுகின்றன, பழுதாகி நம்மிடம்தான் வருகின்றன.

பாகம் உறுதியாகும் முன்பே பிரித்துவிடுவது

எனக்குத் தெரிந்த பட்டறைக்கு ஒரு டீசல் கார் வந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மெல்லக் குறைகிறது என்பதுதான் புகார். உரிமையாளர் தானே ஓட்டி வந்தார். மெக்கானிக் கெட்டிக்காரப் பையன். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சரியாகவே கணித்தான். அன்று மாலைக்குள் ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டான். அதன் பிறகுதான் ஸ்பேர் கடைக்குப் போன் செய்தான்.

டீசல் என்ஜின்கள் பலவற்றுக்கு ஹெட் கேஸ்கெட் ஒரே தடிமனில் வருவதில்லை. பிளாக்கின் மட்டத்துக்கு மேல் பிஸ்டன் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, அதற்குரிய தடிமனைப் போட வேண்டும். எந்தத் தடிமன் என்பதைக் கேஸ்கெட்டின் ஓரத்திலுள்ள துளைகளோ வெட்டுகளோ காட்டும். கடையில் இருந்தது வேறு தடிமன். ஹெட் போல்ட்டுகளும் ஒருமுறை இறுக்கினால் மறுபடி போடக்கூடாத வகை. அவையும் கடையில் இல்லை.

வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்தக் கார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஈரக்காற்றில் சிலிண்டர் சுவரில் துரு ஏறியது. பேட்டரி செத்தது. கழற்றி வைத்த கிளிப்புகளும் சிறு போல்ட்டுகளும் வேறு வண்டிகளுக்குப் போய்விட்டன. வேறு பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றால், இன்னொருவர் பிரித்துப்போட்ட என்ஜினை எந்த மெக்கானிக் தொடுவார்? வயதான தாயை மருத்துவமனைக்கு வாடகைக் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார் அந்த உரிமையாளர். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஒரே ஒரு போன், இரண்டு மணி நேரம் முன்னதாகச் செய்திருக்க வேண்டியது!

கூலிங் சிஸ்டத்தில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தே கசிவை ஓரளவு உறுதி செய்யலாம். கேஸ்கெட்டின் ஓரக்குறியைப் பல என்ஜின்களில் பிரிக்காமலே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். கேஸ்கெட், போல்ட்டுகள், கூடவே மாற்ற வேண்டிய சீல்கள் என எல்லாவற்றையும் பட்டியலிட்டு, அவை மேசைக்கு வந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். என்ஜின் சூடேறுகிறது என்றால் காரை ஓட்டக்கூடாதுதான். அது மூடியபடியே நிற்கட்டும். மூடிய என்ஜின் அவ்வளவு சீக்கிரம் கெடாது.

பிரித்தால்தான் பழுதே தெரியும் என்ற வேலைகளும் உண்டு, கியர்பாக்ஸ் போல. அப்போது தாமதம் ஆகலாம் என்பதை உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லி, எழுதியும் கொடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். திறந்த வாய்களை மூடி வையுங்கள்.

மாடல் பெயரைச் சொல்லி ஆர்டர் போடுவது

ஒரே மாடலில் ஆண்டின் நடுவிலேயே பாகம் மாறிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது என்ஜினைச் சுற்றி மாறியவை ஏராளம். ஆர்சியில் உள்ள 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை வாங்குங்கள். பழைய எண் ரத்தாகிப் புதிய எண் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். "ஸ்டாக் இல்லை" என்று கைவிரிக்கப்படும் பாகம் சில நேரம் புது எண்ணில் அலமாரியிலேயே இருக்கும்.

"இரண்டு நாளில் வந்துவிடும்" என்று சொல்வது

பாகம் கடையில் இருக்கிறதா, கம்பெனிக் கிடங்கில் இருக்கிறதா, இனிமேல்தான் தயாராக வேண்டுமா? இது தெரியாமல் தேதி சொல்லாதீர்கள்.

விபத்துக் காரை இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்குமுன் பிரிப்பது

வேண்டவே வேண்டாம்.

புதுப்பேட்டையை ஒதுக்குவதும், கண்ணை மூடி நம்புவதும்

கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றுக்குச் சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை இன்றும் பெரிய துணை. ஒரு கம்பெனியின் என்ஜின் இன்னொரு கம்பெனியின் காரில் இருப்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் என்ஜின் புன்டோவில் மட்டுமல்ல, மாருதி ஸ்விஃப்டிலும் டாடா விஸ்டாவிலும் ஓடியது. ஆனாலும் டர்போ, சென்சார் போன்றவை காருக்குக் கார் மாறும். எண்ணை ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றில் மட்டும் பழையது கூடாது. அவற்றுக்காகக் கார் ஒரு மாதம் நிற்க வேண்டும் என்றால் நிற்கட்டும்.