தாளும் பென்சிலும் கொண்டு ஒரு பெர்செப்ட்ரானைப் பழக்குவோம்

1958 ஜூலையில் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட், அட்டையின் இடப்பக்கம் குறி உள்ளதா வலப்பக்கம் உள்ளதா என்று பிரித்தறிய ஐபிஎம் 704 கணினியைப் பழக்கிக் காட்டினார். 50 முறை முயன்றபின் அது வேறுபாட்டைக் கண்டுகொண்டது. பெர்செப்ட்ரான் எனப்படும் அம்முறையைக் கையாலேயே செய்து பார்க்கலாம்.

படி 1: மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் வரைந்து, மேல் வரிசையின் இடப்பக்கத்திலிருந்து வரிசைவாரியாக 1 முதல் 9 வரை எண்ணிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எடை, அதாவது பழகப் பழக மாறும் ஓர் எண், உண்டு. தொடக்கத்தில் எல்லாமே 0.

படி 2: இரண்டு அட்டைகள் போதும். செங்குத்துக்கோட்டில் 2, 5, 8 ஆகிய கட்டங்களும், கிடைக்கோட்டில் 4, 5, 6 ஆகிய கட்டங்களும் கறுத்திருக்கட்டும்.

படி 3: கறுத்த கட்டங்களின் எடைகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 0-ஐ விட அதிகமானால் விடை 'செங்குத்து', இல்லையேல் 'கிடை'. விடை சரியென்றால் எதையும் மாற்றக்கூடாது. செங்குத்தைக் கிடை என்று சொன்னால், கறுத்த கட்டங்களின் எடையில் மட்டும் 1 கூட்டுங்கள். கிடையைச் செங்குத்து என்று சொன்னால் 1 கழியுங்கள்.

படி 4: செங்குத்துக்கோட்டைக் காட்டினால் தொகை 0, விடை தவறு, ஆகவே 2, 5, 8 ஆகியவற்றின் எடை 1 ஆகிறது. அடுத்து வரும் கிடைக்கோட்டுக்கு, நடுக்கட்டத்தின் தயவால் தொகை 1 வந்து மீண்டும் தவறுகிறது; 4, 5, 6 ஆகியவற்றில் 1 கழிக்கிறோம். இப்போது செங்குத்துக்கு 2, கிடைக்கு -2, இரண்டும் சரி. 5-ஆம் கட்டத்தைக் கவனியுங்கள்: அதன் எடை 0-க்கே திரும்பிவிட்டது. இரு கோடுகளுக்கும் பொதுவான அக்கட்டம் வேறுபாடு காண உதவாது என்பதை, யாரும் சொல்லாமலேயே, தன் பிழைகளிலிருந்து அது கற்றிருக்கிறது. எனக்கு இம்முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ரோசன்பிளாட் பின்னர் உருவாக்கிய மார்க் 1 என்ற பெர்செப்ட்ரான் இயந்திரத்தில் 400 ஒளிமின்கலங்கள் படத்தைப் பார்த்தன; நாம் பென்சிலால் திருத்தும் எடைகளை அங்கே சிறு மோட்டார்கள் மின்தடைகளைத் திருகி மாற்றின.

படி 5: 8-ஆம் கட்டத்தை அழித்துவிட்டுச் செங்குத்துக்கோட்டைக் காட்டுங்கள். தொகை 1, சிதைந்த கோட்டையும் அது அடையாளம் காண்கிறது. ஆனால் 1, 4, 7 வழியாகச் செல்லும் செங்குத்துக்கோட்டுக்குத் தொகை -1 வருவதால் 'கிடை' என்கிறது. அதையும் பழக்கிவிடலாம். எனினும், மூன்று செங்குத்துக்கோடுகளையும் மூன்று கிடைக்கோடுகளையும் சேர்த்துப் பழக்க முயன்றால் ஒருபோதும் முடியாது. செங்குத்துக்கோடுகள் மூன்றின் தொகைகளும் 0-ஐ விட அதிகமானால், ஒன்பது எடைகளின் மொத்தமும் 0-ஐ விட அதிகமாகும். கிடைக்கோடுகள் மூன்றும் சேர்ந்தாலும் அதே ஒன்பது கட்டங்கள்தான் என்பதால், அவை மூன்றும் 'கிடை' என்று வர அந்த மொத்தம் 0-ஐத் தாண்டவே கூடாது; இரண்டும் ஒருசேர நடக்காது. கட்டங்களை நேரடியாக விடையோடு இணைக்கும் நம் முறையின் வரம்பு இது; மார்க் 1 இயந்திரத்திலோ, ஒளிமின்கலங்களுக்கும் விடைக்கும் நடுவே 512 இணைப்பு அலகுகளை ரோசன்பிளாட் வைத்திருந்தார்.